"மொரிஷியசில் ஒரே ஒரு நாள் கிடைத்தால் எங்கே போகலாம்? நாங்கள் கோத்தகிரிக்காரர்கள், மலையும் தேயிலையும் பார்த்துச் சலித்தவர்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு என் பதில் இது.

நான் குன்னூர் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக, அதாவது தயாரிப்பைக் கவனிப்பவனாக, இருபத்தாறு வருஷம் இருந்தவன். மகள் மொரிஷியசில் வேலை பார்ப்பதால் ஒரு ஆகஸ்டில் மனைவியோடு போய்ப் பத்து நாள் தங்கினேன். கடற்கரையைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது தென்மேற்கு மேட்டுப்பகுதி. சலித்துப்போன மலைதானே என்று தள்ளிவிடாதீர்கள், காலுக்குக் கீழே இருக்கிற சமாச்சாரமே வேறு.

நம் நீலகிரி எரிமலை இல்லை. எரிமலை வெடித்து வந்தது என்று டூரிஸ்ட்டிடம் அளப்பவர்களை நானே கேட்டிருக்கிறேன். இது பூமிக்குள் ஆழத்தில் கடும் சூட்டில் உருவான சார்னோக்கைட் பாறை, வயது 250 கோடி வருஷத்தை ஒட்டி வரும். மொரிஷியஸ் கடலடி எரிமலை கக்கியது, சுமார் 80 லட்சம் வருஷம்தான். நம் மலைக்கு முன்னால் கைக்குழந்தை.

காலையில் முதல் வேலையாகக் க்யூர்பிப் ஊரில் இருக்கும் ட்ரூ ஓ செர்ஃப் போங்கள். அணைந்துபோன எரிமலையின் வாய். குறுக்கே 300 மீட்டருக்கு மேல், ஆழம் 80 மீட்டர் போல. அடியில் சின்னக் குட்டை, சரிவெல்லாம் மரம். விளிம்பைச் சுற்றி ரோடு இருக்கிறது. நாங்கள் போனபோது பள்ளம் முழுக்கப் பனிமூட்டம். "இதைப் பார்க்கவா ஃப்ளைட் ஏறி வந்தோம்?" என்றாள் மனைவி. நம் டால்பின்ஸ் நோஸ் வியூ பாயிண்டில் கேத்தரின் அருவிக்காகக் காத்திருப்பதுபோல அரை மணி நேரம் நின்றோம். அப்புறம் மூட்டம் மேலே ஏற ஏற, குழி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிருந்து தெரிந்தது. மற்றதெல்லாம் மறந்தாலும் அது மறக்காது. குன்னூர்க்காரனுக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று விட்டுவிட்டுப் போய் நடுங்கியதும் மறக்காது. ஆகஸ்ட் அங்கே குளிர்காலம்.

அடுத்து புவா ஷெரி தேயிலைத் தோட்டம். கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரம்தான், மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் நம் பர்லியாறைவிடத் தாழ்வு. ஆனால் பூமத்திய ரேகையிலிருந்து 20 டிகிரி தெற்கே தள்ளி இருப்பதால் அந்த உயரத்திலேயே குளிர்ச்சி. வெனிலா டீ கொடுப்பார்கள். வாசனை மூக்கில் நின்றுவிடுகிறது, தேயிலை நாக்குக்கு வந்து சேரவில்லை. இது என் தொழில் புத்தி. மனைவி இரண்டு பாக்கெட் வாங்கினாள். ஃபேக்டரி ஓடும் நாளா என்று முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே கங்கா தலாவ், அங்குள்ள இந்துக்கள் புனிதமாக நினைக்கும் ஏரி. 33 மீட்டர் சிவன் சிலையைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு ஏரிதான் பிடித்தது. ஊட்டி ஏரி 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் அணை போட்டு உண்டாக்கியது. இது எரிமலைப் பள்ளத்தில் தானாகத் தேங்கிய தண்ணீர்.

ஷமரெல் என்ற ஊரில் இருக்கும் ஏழுநிற மண்மேடுகளுக்கு வெயில் இருக்கும்போதே போய்விடுங்கள். நாங்கள் நாலு மணிக்கு மேகத்தோடு போய்ச் சேர்ந்தோம். ஏழில் மூன்றுதான் தேறியது. இடமும் போஸ்டரில் பார்ப்பதைவிடச் சின்னது. ஆனால் விஷயம் ருசியானது. எரிமலைப் பாறை மக்கி, கரையக்கூடியதையெல்லாம் மழை கழுவிக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. அந்தக் கலவைதான் சிவப்பும் ஊதாவும். கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்தால் தெரிகிற செம்மண்ணும் அதே மாதிரி மழை வேலைதான், பாறைதான் வேறு.

மதியச் சாப்பாட்டுக்கு ரோட்டோரக் கடையில் தால் பூரி போதும். பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, இரண்டு இரண்டாகச் சுருட்டித் தருவார்கள்.

கடைசியாக எங்கள் டிரைவர். கார் கண்ணாடியில் வேல் தொங்கியது, தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவராம். தைப்பூசத்தன்று அங்கே அரசு விடுமுறை. தமிழ் ஒரு வார்த்தை வராது. மகள்தான் பிரெஞ்சில் பேசினாள். சாயங்காலம் பாக்கிச் சில்லறை கொடுக்கும்போது ஒரு மொரிஷியஸ் நூறு ரூபாய் நோட்டைத் திருப்பி, அதில் தமிழில் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, வாசித்துக் காட்டச் சொன்னார். "நூறு" என்றேன். அவரும் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். 'று' மட்டும் கடைசிவரை அவருக்கு வரவில்லை.