மரக்கட்டடம் படிக்க ஆசைப்படும் மகளைத் தடுக்காதீர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் 12ஆம் வகுப்பு. பௌதிகமும் கணிதமும் நன்றாகவே செய்கிறாள். அவளுக்கு ஆர்க்கிடெக்சரல் டெக்னோலொஜி, அதாவது கட்டட வரைபடமும் பொருள் தெரிவும் கற்றுத்தரும் படிப்பு, படிக்க ஆசை, அதுவும் பல்கலைக்கழகத்தில் இல்லை, தொழிற்படிப்புக் கொலிஜில். பெரியப்பாவோ "கொலிஜுக்கு அனுப்பவா கனடாவுக்கு வந்தனீங்கள்?" என்று கேட்கிறார். வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கம்பியூட்டர், அது கிடைக்காவிட்டால் தூர ஊர் ஒன்றில் எஞ்சினியரிங், தேவையென்றால் வீட்டு மோர்ட்கேஜை (வீட்டுக்கடனை)க் கூட்டலாம் என்பது அவருடைய திட்டம். நீங்கள் நித்திரை கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விளங்குகிறது. ஆனால் வெறும் ஆறுதல் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. மகள் கேட்பதுதான் சரி. பெரியப்பா சொல்வது பிழை.

கம்பியூட்டரைப் பற்றியும் எஞ்சினியரிங்கைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. கலியாண வீடுகளில் அதைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மகள் விரும்புகிற வேலை என்ன வேலை என்று அவர்கள் யாரும் சொல்வதில்லை, அதனால் அதையே சொல்கிறேன்.

ஓப்பன் ஹவுஸுக்குப் போய் வந்ததிலிருந்து சென்ரெனியல் கொலிஜின் மரக்கட்டடத்தைப் பற்றியே கதைக்கிறாள் என்கிறீர்கள். ஸ்காபரோவில் 401 நெடுஞ்சாலை ஓரமாக, புரோகிரஸ் வளாகத்தில் இருக்கிற ஆறு மாடிக் கட்டடம் அது. ஏறக்குறைய 1,50,000 சதுர அடி. தூண்களும் உத்தரங்களும் தளங்களும் பெரும்பாலும் மரம். டயலொக் நிறுவனத்தோடு சேர்ந்து அதை வடிவமைத்தது ஸ்மோக் ஆர்க்கிடெக்சர்; அதை நடத்தும் எலாடியா ஸ்மோக் அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். ஒரு கண்ணால் பூர்வகுடிகளின் அறிவையும் மறு கண்ணால் மேற்கத்திய அறிவியலையும் வைத்து இரண்டாலும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மிக்மா என்ற பூர்வகுடி இனத்து மூத்தோரான அல்பேர்ட் மார்ஷலும் மேர்டீனா மார்ஷலும் 2004இல் முன்வைத்த கருத்துத்தான் அந்த வடிவமைப்புக்கு அடித்தளம்.

இப்படி ஒரு கட்டடத்துக்குப் பொருள் தெரிவு செய்வது லேசான வேலை இல்லை. தளத்துக்குப் போடுகிற பெரிய மரப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பாய் இழைப்பதுபோல, ஒரு அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் மூன்று, ஐந்து, ஏழு என்று அடுக்கி ஒட்டுவார்கள். சிறு மரங்களை அறுத்த பலகைகளே இதற்குப் போதும் என்பதால், வடக்கின் குளிரில் மெதுவாக வளர்ந்து மெலிந்து நிற்கிற கறுப்பு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்கும் மதிப்பு வந்திருக்கிறது. ஒரு கன மீற்றர் மரம் முக்கால் தொன் முதல் ஒரு தொன் வரையான கரியமில வாயுவுக்குச் சமமான கார்பனைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கும். மறுபக்கம், உலகம் வெளியிடுகிற கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சீமெந்துத் தயாரிப்பிலிருந்து வருகிறது.

அதற்காக எல்லாவற்றையும் மரத்தில் செய்துவிட முடியாது. நிலத்துக்குக் கீழே கொங்கிறீட்தான் வேண்டும். அதில் சீமெந்தின் ஒரு பங்கைக் குறைத்து இரும்பாலைக் கசடு சேர்க்கலாமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். நெருப்புப் பிடித்தால் பருத்த மரத்தின் மேற்பரப்பு நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீற்றர் வீதம் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். ஆகவே கருகிப்போகிற பங்கையும் சேர்த்தே தூணின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. மேல் மாடியில் நடக்கிற காலடி கீழ் வகுப்பில் கேட்காமல் இருக்கத் தளத்துக்கு மேல் என்ன விரிப்பது? வேலை நடக்கும்போது மழை பெய்தால் பலகையை எப்படி மூடுவது? எந்தச் சுவரை மரமாகவே காட்டலாம், எதைத் தீ தாங்கும் பலகையால் மூடியே ஆக வேண்டும்? இந்தக் கேள்விகளோடு, ஒவ்வொரு பொருளும் தன் சுற்றுச்சூழல் விபரங்களைச் சொல்கிற பத்திரத்தை வாசித்து ஒப்பிடவும் தெரிய வேண்டும்.

பூர்வகுடிகளின் சிந்தனையில் எழுகிற கட்டடம் என்றால் இன்னும் ஒரு கேள்வி உண்டு. இந்த மரம் யாருடைய காட்டிலிருந்து வருகிறது, அந்த மண்ணின் மக்கள் சம்மதித்தார்களா? மரத்திலிருந்தோ செடியிலிருந்தோ ஒன்றை எடுக்கும் முன் புகையிலை வைத்து அனுமதி கேட்பது அனிஷினாபே மரபு. சுவரில் அழகுக்காக ஒரு கோலத்தை ஒட்டிவிட்டு, பலகை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியாது. இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குத் தேவை. உங்கள் மகள் தூண்களைப் படம் எடுத்து வந்து "இது எந்தக் காட்டு மரம் அம்மா?" என்று கேட்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்.

வேலை கிடைக்குமா? ஒன்ராறியோ கட்டட விதிகள் 2022இல் 12 மாடி வரையும், 2025 ஜனவரி முதல் 18 மாடி வரையும் மரக்கட்டடங்களை அனுமதிக்கின்றன. ரொறன்ரோ ஏரிக்கரையில் ஜோர்ஜ் பிறவுண் கொலிஜின் மரக்கட்டடமான லிம்பர்லொஸ்ட் பிளேஸ் 10 மாடி. இப்படிக் கட்ட வரைபடம் போடவும், இணைப்புகளை வரையவும், பொருள் பட்டியல் எழுதவும் ஆட்கள் வேண்டும். மூன்று வருட அட்வான்ஸ்ட் டிப்ளோமா அதற்கான வாசல். பிறகு வேலை அனுபவத்தோடு ஒன்ராறியோ டெக்னோலொஜிஸ்ட் சங்கத்தின் சான்றிதழும் எடுக்கலாம். ஒன்றை மறைக்கக் கூடாது: இந்த டிப்ளோமாவை மட்டும் வைத்து "ஆர்க்கிடெக்ட்" என்று பெயர் போட முடியாது. அதற்கு மாஸ்டர்ஸ், 3,720 மணி நேரப் பயிற்சி, பரீட்சைகள் எல்லாம் உண்டு. பிறகு அவளுக்கு அந்த ஆசை வந்தால் போகட்டும். சட்பரியில் லோரன்சியன் பல்கலைக்கழகத்தின் மக்கியூவன் கட்டடக் கலைப் பள்ளியில் மாணவர்கள் பூர்வகுடி மூத்தோரோடு சேர்ந்து பேர்ச் மரப்பட்டையில் தோணி கட்டிப் பழகுகிறார்கள்; அதையும் அவளிடம் சொல்லி வையுங்கள்.

காசு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மோர்ட்கேஜைக் கூட்டாதீர்கள். கொலிஜ் கட்டணம் எஞ்சினியரிங் கட்டணத்தின் பாதியைக்கூட எட்டாது. பிள்ளை வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம், வாடகை இல்லை. விருப்பமில்லாத படிப்பில் இரண்டு வருடம் இழுத்துவிட்டு நடுவில் விட்டால் அந்தக் கடனைப் பெரியப்பா கட்டப் போவதில்லை, நீங்கள்தான் கட்டுவீர்கள். இதை அவரிடம் மரியாதையாக, ஆனால் நேராகவே சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு மாணவர் குறைந்ததால் ஒன்ராறியோ கொலிஜ்கள் பல படிப்புகளை நிறுத்தி வருகின்றன. சென்ரெனியல், ஜோர்ஜ் பிறவுண், ஹம்பர் மூன்றுக்கும் அழைத்து, இந்த ஆண்டு இந்தப் படிப்புக்குப் புதிய மாணவரை எடுக்கிறார்களா, எந்தக் கணிதப் பாடம் கேட்கிறார்கள், சம்பளத்தோடு பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள். பெப்ரவரி 1க்கு முன் விண்ணப்பம் போக வேண்டும். ஐந்து தெரிவுகள் போடலாம். அந்த ஐந்தையும் மகளே நிரப்பட்டும்.