கடலோடியிடம் கேளுங்கள்: சிட்னிக்குப் போன ரவையும் பருப்பும்

போன இதழில் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற பாய்மரக் கப்பல்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த இதழ் முழுவதும் அந்தக் கப்பல்களுக்கே.

பாடப்புத்தகத்தில் 'கைதிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள்' என்று ஒரே வரிதான் இருக்கிறது. அந்தக் கப்பல்களில் வேறு என்னதான் ஏற்றினார்கள்? – பள்ளி ஆசிரியை, கோவில்பட்டி

ஒரு ஊருக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியிருந்தது, டீச்சர். 1787 மே 13 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து 11 கப்பல்கள் கிளம்பின. கடற்படைக் கப்பல் இரண்டு, கைதிக் கப்பல் ஆறு, சரக்குக் கப்பல் மூன்று. தலைமை, ஆர்தர் ஃபிலிப். ஏறக்குறைய 1,400 பேர் ஏறினார்கள். அதில் பாதிப் பேர் கைதிகள். மீதிப் பேர் காவல் வீரர்கள், மாலுமிகள், அதிகாரிகள், சிலருடைய மனைவி மக்கள். போய் இறங்கும் இடத்தில் காசு கொடுத்தால்கூட ஒரு ஆணி கிடைக்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு உப்புக்கண்டம், மாவு, பட்டாணி, கோடரி, மண்வெட்டி, விதை என்று சரக்கறையை நிரப்பினார்கள்.

அப்படியும் விட்டுப்போனது நிறைய. பெண் கைதிகளின் துணிமணி கரையிலேயே நின்றுவிட்டது. வழியில் ரியோ டி ஜெனீரோவில் ஃபிலிப் 100 மூட்டை மரவள்ளி மாவு வாங்கினார். மாவு வயிற்றுக்கு. அது கட்டி வந்த முரட்டுச் சாக்கும் அவர் கணக்கில் இருந்தது. கைதிகளில் பலர் பாதி அம்மணமாக இருக்கிறார்கள், அந்தச் சாக்குத்துணியில் அவர்களுக்கு உடுப்பு தைக்கலாம் என்று மேலிடத்துக்கே எழுதியிருக்கிறார். சரக்கோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு தலைவனின் யோக்கியதையைக் காட்ட எனக்கு அந்தச் சாக்கு போதும்.

அதே ரியோவில் ஏற்றிய செடி, விதைப் பட்டியலில் காப்பி, பருத்தி, வாழை, ஆரஞ்சு, எலுமிச்சை, கொய்யா எல்லாம் இருக்கின்றன. புளியும் இருக்கிறது. கேப் டவுனில் திராட்சைக்கொடி, அத்தி, கரும்பு. அங்கேதான் மாடு, ஆடு, பன்றி, கோழி ஏற்றியதும். இடம் போதவில்லை. ஃபிரெண்ட்ஷிப் கப்பலில் இருந்த பெண் கைதிகளை வேறு கப்பல்களுக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் செம்மறி ஆடுகளை அடைத்தார்கள்.

1788 ஜனவரி 26-ல் சிட்னி கோவ் என்ற குடாவில் இறங்கினார்கள். அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த மாடுகள் சில மாதத்திலேயே காட்டுக்குள் போய்த் தொலைந்தன. 1795-ல் போய்த் தேடியபோது, நல்ல புல்வெளியில் 60-க்கும் மேற்பட்ட மாடுகளாகப் பெருகி மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பகுதிக்கே மாட்டு மேய்ச்சல் நிலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிறவர்கள் பிரேசிலுக்கு ஏன் போக வேண்டும்? வரைபடத்தில் பார்த்தால் தலையைச் சுற்றுகிறதே! – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

காற்றுதான் காரணம், தம்பி. ஆப்பிரிக்கக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கினால் தென்கிழக்கிலிருந்து எதிர்க்காற்று மாதக்கணக்கில் முகத்தில் அடிக்கும். பாய்மரக் கப்பல் காற்றை நேருக்கு நேர் எதிர்த்து ஓடாது. அதனால் கப்பலை மேற்கே விட்டு, பிரேசில் வரை வளைந்து போய், தெற்கே 40 பாகைக்குப் பக்கம் வீசும் பலத்த மேற்குக் காற்றைப் பிடித்துக் கிழக்கே திரும்புவார்கள். தூரம் கூடும், நாள் குறையும். அந்த மேற்குக் காற்று ஓயாமல் தள்ளிக்கொண்டே ஆஸ்திரேலியா வரை கொண்டுபோய் விடும். ஆனால் அந்தக் கடலின் குளிரும் அலையும் இரும்புக் கப்பலில் போன எனக்கே போதும் போதும் என்று இருந்தது.

இரண்டாவதாகப் போன கப்பல்களில் நிறையக் கைதிகள் இறந்தார்களாமே. நோயா, பட்டினியா? – ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி

நோயும் இருந்தது, பட்டினியும் இருந்தது. ஆனால் அம்மா, அவர்களைக் கொன்றது ஒப்பந்தம் என்பேன்.

ஸ்கார்பரோ என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1787-ல் கிளம்பிய முதல் அணியில் 200-க்கும் மேற்பட்ட கைதிகளை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்த்த கப்பல் அது. 1790-ல் இரண்டாம் அணியோடு அதே கப்பல், அதே கேப்டன் ஜான் மார்ஷலோடு மறுபடி வந்தது. இந்த முறை வழியில் 73 பேர் செத்தார்கள். கூட வந்த நெப்டியூனில் 158 பேர். ஸ்கார்பரோ, நெப்டியூன், சர்ப்ரைஸ் மூன்றையும் சேர்த்தால், ஏற்றிய சுமார் 1,000 பேரில் கால்வாசிப் பேர் கரை சேரவில்லை.

என்ன மாறியது? இரண்டாம் அணியின் ஒப்பந்தம் கேம்டன், கால்வர்ட் அண்ட் கிங் என்ற நிறுவனத்துக்குப் போயிருந்தது. ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தில் ஊறிய நிறுவனம். ஏற்றும் கைதி ஒவ்வொருவருக்கும் 17 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ் என்று பேசிக்கொண்டார்கள். ஏற்றுவதற்குத்தான் காசு, உயிரோடு இறக்குவதற்கு அல்ல. செத்தவன் சாப்பிட மாட்டான், அவன் பங்கு உணவு மிச்சம். சிட்னியில் இறங்கியதும் கப்பல்காரர்கள் கரையில் கடை விரித்து, பசியில் கிடந்த ஊருக்குச் சாமான்களை எக்கச்சக்க விலைக்கு விற்றார்கள்.

காலில் பூட்டிய விலங்குகூட அடிமைக் கப்பலுடையது. இரண்டு கணுக்காலுக்கும் நடுவே சங்கிலி இருந்தால் காலை எப்படியாவது நகர்த்தலாம். இதில் முக்கால் அடிக்கு மேற்படாத இரும்புக் கம்பி. எட்டு வைக்க முடியாது, ஒருவன் அசைந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு எலும்பு முறியும் என்று கூட வந்த ராணுவ அதிகாரியே எழுதியிருக்கிறார். ரிச்சர்ட் ஜான்சன் என்ற பாதிரியார் கப்பலின் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். சங்கிலியில் பக்கத்தில் கிடப்பவன் செத்துப்போனால், அவனுடைய பங்கு உணவும் கிடைக்குமே என்று கைதிகள் அந்தச் சாவை மறைத்தார்களாம். மேல்தளத்துக்குத் தூக்கி வந்த சிலர் வெளிக்காற்று பட்டதுமே உயிரை விட்டார்கள். நீங்கள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர், இதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

நெப்டியூன் கேப்டன் டொனால்ட் டிரெயில் மீது 1792-ல் லண்டனில் கொலை வழக்கு நடந்தது. விடுதலை ஆகிவிட்டார்.

நிலைமை திருந்த இன்னும் 20 வருடத்துக்கு மேல் பிடித்தது. 1814-ல் மூன்று கப்பல்களில் மறுபடி நிறையச் சாவு நேர்ந்தது. வில்லியம் ரெட்ஃபர்ன் என்ற மருத்துவர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். தானே கைதியாக வந்து மன்னிப்புப் பெற்றவர் அவர். கீழ்த்தளத்தில் காற்றோட்டம் வேண்டும், கைதிகளை மேலே விட்டு உலாவ வைக்க வேண்டும், கப்பல் முதலாளியின் சம்பளத்துக்குக் கட்டுப்படாத அரசு மருத்துவர் ஒவ்வொரு கப்பலிலும் இருக்க வேண்டும் என்றார். 1815-லிருந்து அப்படி மருத்துவர்கள் வந்தார்கள், சாவும் வெகுவாகக் குறைந்தது. கடைசிக் கைதிக் கப்பல் 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில் துறைமுகம் சேர்ந்த ஹூகுமாண்ட். மொத்தம் 1,60,000-க்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள்.

அந்தக் கப்பல்களுக்கும் நம் நாட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா ஐயா? – உப்பள உரிமையாளர், வேதாரண்யம்

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

1790-ல் சிட்னியில் கடும் பஞ்சம். கவர்னர் வீட்டு விருந்துக்குப் போவதானால்கூட அவரவர் ரொட்டியை அவரவரே கொண்டுபோக வேண்டும் என்ற நிலை. லண்டனுக்கு ஆள் அனுப்பிச் சோறு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் கல்கத்தா பக்கம். அதனால் 1791 அக்டோபரில் அட்லாண்டிக் என்ற கப்பலைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1792 ஜூனில் அது அரிசி, ரவை, பருப்பு ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது. காலனியின் அதிகாரி டேவிட் காலின்ஸ் தன் குறிப்பில் சூஜி, தால் என்று ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்.

கல்கத்தா வியாபாரிகளுக்கு அப்புறம் கண் திறந்தது. கேம்பெல் அண்ட் கிளார்க் என்ற கம்பெனி 1796 நவம்பரில் ஒரு கப்பலை அனுப்பியது. வங்காளத்தில் கட்டிய கப்பல். பழைய பெயர் பேகம் ஷா. வாங்கியவர்கள் அதற்கு சிட்னி கோவ் என்று புதுப்பெயர் வைத்தார்கள். சரக்கு என்ன தெரியுமா? 7,000 கேலனுக்கு மேல் சாராயம். அப்புறம் அரிசி, சர்க்கரை, தேயிலை, புகையிலை, துணி, சீனப் பீங்கான். ஓட்டியவர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள், அதாவது நம் பக்கத்து மாலுமிகள். மாலுமிகளின் தலைவனான சாரங்குக்குக் கீழே தண்டல், தண்டலுக்குக் கீழே லஸ்கர் என்பது அந்தக் காலக் கணக்கு. தூத்துக்குடித் தோணிகளில் தண்டல் என்ற பதவி பிற்பாடும் நிலைத்தது.

தெற்கே இறங்க இறங்கப் புயல். கப்பலில் நீர் கசிய ஆரம்பித்தது. வெப்பநாட்டு உடுப்போடு வந்தவர்கள் அந்தக் குளிரில் இரவும் பகலும் பம்ப் அடித்தார்கள். சிலர் அந்த வேலையிலேயே விறைத்துச் செத்தார்கள். 1797 பிப்ரவரி 9 அன்று, இனி தாங்காது என்ற நிலையில், கேப்டன் ஹாமில்டன் டாஸ்மேனியாவுக்கு வடகிழக்கே ஒரு சின்னத் தீவின் ஓரத்தில் கப்பலைத் தரைதட்ட விட்டார். எல்லோரும் கரை ஏறினார்கள். சாராயப் பீப்பாய்களை மட்டும் மாலுமிகள் கை படாமல் இருக்க, பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். அந்தத் தீவுக்கு இன்றும் ரம் தீவு என்றுதான் பெயர்.

உதவி கேட்க 17 பேர் ஒரு நீளப் படகில் கிளம்பினார்கள். அதில் 12 பேர் லஸ்கர்கள். அந்தப் படகும் விக்டோரியாக் கரையில் உடைந்தது. சிட்னி 600 கிலோமீட்டருக்கும் அப்பால். பாதை கிடையாது, ஐரோப்பியர் யாரும் அதுவரை நடந்திராத கரை. நடந்தார்கள். ஆறு குறுக்கிட்ட இடங்களில் தெப்பம் கட்டினார்கள். பல இடங்களில் அந்த மண்ணின் மக்கள் மீனும் சிப்பியும் கொடுத்தார்கள், தங்கள் ஓடங்களில் ஆற்றைக் கடத்தி விட்டார்கள். ஓரிடத்தில் ஈட்டியும் பாய்ந்தது. ஆனால் கூட நடந்த வணிகப் பிரதிநிதி வில்லியம் கிளார்க்கின் நாட்குறிப்பைப் படித்தால், அந்த மக்கள் இல்லாவிட்டால் ஒருவர்கூடத் தப்பியிருக்க மாட்டார் என்பது விளங்கும்.

மே மாத நடுவில், சிட்னிக்குத் தெற்கே மீன்பிடிக்க வந்த ஒரு படகு கரையில் கையசைத்தவர்களைப் பார்த்தது. எஞ்சியிருந்தவர்கள் மூன்றே பேர். கிளார்க், ஜான் பென்னட் என்ற மாலுமி, ஒரு லஸ்கர். முதல் இருவருக்கும் பெயர் இருக்கிறது. மூன்றாமவரை ஆவணங்கள் லஸ்கர் என்று மட்டும் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த நடையை முழுதாக நடந்து முடித்த மூவரில் ஒருவர் நம் நாட்டவர். நம் பாடப்புத்தகங்களில் அதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்று கேட்பது அதிக ஆசை இல்லை.

அந்த நடையால் விளைந்தது நிறைய. வழியில் கடலோரப் பாறையில் கிளார்க் கண்ட கரிக்கட்டியைத் தேடி, அதே ஆண்டு ஜார்ஜ் பாஸ் என்ற கடற்படை மருத்துவர் போய் நிலக்கரிப் படுகையைக் கண்டார். தீவில் காத்திருந்த ஹாமில்டன் அங்கே ஓடிய நீரோட்டத்தையும் அலையையும் பார்த்து, டாஸ்மேனியாவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கடல் இருக்க வேண்டும் என்று யூகித்தார். 1798–99-ல் பாஸும் கடற்படை அதிகாரி மேத்யூ ஃப்ளிண்டர்ஸும் டாஸ்மேனியாவையே சுற்றி வந்து அதை உறுதிசெய்தார்கள். தீவில் காத்திருந்தவர்களை மீட்கப் போன இரண்டு படகுகளில் எலைசா என்பது திரும்பும் வழியில், ஏறியவர்களோடு காணாமலே போனது.

அந்த உடைந்த கப்பல் இப்போது எங்கே? – அதே ஊரிலிருந்து இன்னொரு வாசகர்

1977-ல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். பின்னால் முறையாக அகழாய்வும் நடந்தது. எடுத்த பொருள்கள் டாஸ்மேனியாவில், லான்செஸ்டன் நகரத்து குயின் விக்டோரியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூடி கழலாத பீர் பாட்டில்களும் கிடைத்தன. 200 வருடம் கடலடியில் கிடந்த அந்தப் பாட்டிலில் இருந்த ஈஸ்ட்டை உயிர்ப்பித்து, 2018-ல் புதிதாகப் பீரே காய்ச்சினார்கள்.

போகும்போது ஏற்றினார்கள், சரி. திரும்பும்போது காலியாகவா வந்தார்கள்? – சரக்கு முகவர் அலுவலக ஊழியர், தூத்துக்குடி

துறைமுகத்துக்காரர் கேட்கிற கேள்வி! ஆரம்பத்தில் சிட்னியில் ஏற்ற ஒன்றுமே இல்லை. அதனால் முதல் அணிக் கப்பல்களில் ஸ்கார்பரோ, சார்லட், லேடி பென்ரின் மூன்றும் சீனாவின் கான்டனுக்குப் போய், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தேயிலை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பின. கைதிகளைக் கொண்டுவிட்ட கீழ்த்தளத்தில் தேயிலைப் பெட்டி. கப்பல் முதலாளிக்கு வெறுங்கப்பலாகத் திரும்புவது நஷ்டம், அது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பிறகு மெல்ல மெல்லச் சரக்கு சேர்ந்தது. சிட்னி கோவ் கப்பல் உடைந்த பக்கத்துத் தீவுகளில் கடல்நாய்கள் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. செய்தி பரவியதும் வேட்டைக்காரர்கள் பாய்ந்தார்கள். தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் கொன்ற கொலையில் சில வருடத்திலேயே பல தீவுகள் வெறிச்சோடிப் போயின. 1799-ல் ஹண்டர் என்ற கப்பல் நியூகாசில் பக்கத்து நிலக்கரியை வங்காளத்துக்கு ஏற்றிச் சென்றது. ஆஸ்திரேலியாவின் முதல் நிலக்கரி ஏற்றுமதி அதுதான். கேம்பெல் கம்பெனியின் ராபர்ட் கேம்பெல் 1798-ல் சிட்னிக்கு வந்தவர், பிறகு அங்கேயே தங்கிச் சொந்தப் படகுத்துறையும் கிடங்கும் கட்டினார். சிட்னி போகிறவர்கள் கேம்பெல்ஸ் கோவ் பக்கம் நடந்துபோனால் அவருடைய பழைய கிடங்குகளைப் பார்க்கலாம்.

பிற்காலத்தில் கம்பளி வந்தது, எல்லாவற்றையும் முந்தியது. நம் சென்னைக்கு நேராக வந்த சரக்கு குதிரை. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் வளர்த்த குதிரைகளைக் குதிரைப்படைக்கென்று சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலில் அனுப்பினார்கள். அந்த மாகாணத்தின் பெயராலேயே அவற்றுக்கு இங்கே வேலர் என்று பேர். உங்கள் அலுவலகத்தில் இன்று தினமும் தட்டச்சு செய்கிற ஆஸ்திரேலிய நிலக்கரிக்கும் பருப்புக்கும் இதுதான் பழைய கணக்கு. அன்று பருப்பு இங்கிருந்து போனது, இன்று கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பும் அங்கிருந்து வருகின்றன.