மேற்பார்வையும் ஆலோசகரின் தன்னம்பிக்கையும்: கேள்வி பதில்

கேள்வி: பயிற்சி பெறும் மனநல ஆலோசகராகச் சேர்ந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. என் ஆலோசனைப் பணியை மூத்த ஆலோசகர் ஒருவருடன் அலசும் மேற்பார்வை அமர்வு முடியும்போதெல்லாம் இப்பணிக்கு நான் தகுதியற்றவள் என்றே தோன்றுகிறது. குறை என்னிடமா அம்மா?

பதில்: முழுவதும் உங்களிடம் இல்லை. ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, தானே செய்து கண்ட வெற்றி, பிறர் செய்வதைப் பார்த்தல், நம்பத்தக்கவரின் சொல், அந்நேரத்து உடல் மனப் பதற்றம் ஆகிய நான்கிலிருந்தும் உருவாகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் விளக்கினார். இந்த நான்கிலும் மேற்பார்வையாளரின் கை படுகிறது. உங்கள் அமர்வில் எது பலித்தது என்பதையும் அவரிடம் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: என் மதிப்பீட்டை எழுதுபவரும் அவரே. அவரிடம் தவறுகளை எப்படிச் சொல்வது?

பதில்: இதுவே மேற்பார்வையின் கடினமான முடிச்சு. நிக்கலஸ் லடானியும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியிலிருந்த ஏறத்தாழ அனைவருமே மேற்பார்வையாளரிடம் ஏதோ ஒன்றை மறைத்திருந்தனர். மறைப்பதால் அப்போதைக்குப் பாதுகாப்புக் கிடைக்கலாம். ஆனால் தவறை நீக்கிவிட்டுச் சொன்ன கதைக்குக் கிடைக்கும் பாராட்டை உங்கள் மனமே ஏற்காது, ஆகவே எவ்வளவு பாராட்டினாலும் நம்பிக்கை வளராது. உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1983இல் மேற்பார்வை உறவுக்கு இலக்கில் உடன்பாடு, பணியில் உடன்பாடு, பிணைப்பு என மூன்று கூறுகளைச் சொன்னார். மதிப்பிடப்படுபவை எவை, எப்போது, யாருக்கு அறிக்கை போகும் என்பவற்றை முதல் வாரத்திலேயே இருவரும் பேசி எழுதிக்கொண்டால் அச்சம் பெருமளவு குறையும். பிறகு சிறியதொரு தவறைச் சொல்லிப் பாருங்கள். அதை அவர் எவ்வாறு ஏற்கிறார் என்பதைப் பொறுத்து அடுத்ததைத் தீர்மானிக்கலாம். எனினும், ஆலோசனைக்கு வந்தவரின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து இருக்குமானால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: மேற்பார்வையாளராகிய நான் நிறையப் பாராட்டினால் போதாதா?

பதில்: போதாது. "நன்றாகச் செய்தீர்கள்" என்பதைவிட, "அவர் அழுதபோது அவசரப்பட்டுப் பேசாமல் காத்திருந்தீர்கள், அதனால்தான் தந்தையைப் பற்றிச் சொன்னார்" என்பது நெடுநாள் நிற்கும். உங்கள் பழைய தடுமாற்றம் ஒன்றையும் சொல்லுங்கள். என் பயிற்சிக் காலத்தில் என்னைத் தாங்கியது அத்தகைய ஒரு பேச்சுதான்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டு அனுபவத்துக்குப் பின்னும் மேற்பார்வை வேண்டுமா?

பதில்: வேண்டும். பிரிட்டனின் ஆலோசகர் சங்கம் தன் அங்கீகாரம் பெற்ற மூத்த உறுப்பினர்களிடமும் மாதம் குறைந்தது 1.5 மணி நேர மேற்பார்வையை எதிர்பார்க்கிறது. தொடக்கத்தில் வழிகாட்டலாக இருப்பது, உங்கள் நிலையில் சமமான இருவரின் ஆலோசனையாக மாறிவிடும்.