கிரீம் கோழி சூப்பும் மாமியாரின் ரத்த அழுத்தமும்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் மாமியாருக்கு வயது 66. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான், ஆம்லோடிபின் மாத்திரைகளும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். இந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் விரும்பிச் செய்யும், மாவு உருண்டைகள் போட்ட கெட்டியான 'சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ்' சூப் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. டப்பாவில் வரும் கிரீம் சூப், பாக்கெட் சிக்கன் பிராத் (கோழி வேகவைத்த சாறு), குளிர்பெட்டியில் விற்கும் பிஸ்கட் மாவு (இங்கே பிஸ்கட் என்பது மென்மையான சிறு ரொட்டி) ஆகியவற்றைக் கொண்டுதான் நான் அதைச் செய்கிறேன். சென்ற வாரம் ஒரே நாளில் இரண்டு வேளை சாப்பிட்டார். மறுநாள் காலையில் இரண்டு கால்களும் வீங்கியிருந்தன, ரத்த அழுத்தம் 162/94 இருந்தது. கிரீமில் உள்ள கொழுப்புதான் காரணமா? இனி இதை அவருக்குக் கொடுக்கலாமா? சாதாரண உப்புக்குப் பதிலாக சோடியம் குறைந்த உப்பைப் போடலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் இப்போது செய்யும் முறையில் அல்ல. ஒரே இரவில் காலை வீங்கச் செய்வது கிரீமின் கொழுப்பு அன்று. அந்தச் சூப்பில் நீங்கள் அறியாமலே பல வழிகளில் சேர்ந்துவிடும் உப்புதான் என் முதல் சந்தேகம்.

சமையலுக்கு வருவதற்கு முன் வீக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உப்பு அதிகமானால் உடல் நீரைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. அந்த நீர் கணுக்காலில் இறங்குகிறது, ரத்த அழுத்தமும் ஏறுகிறது. ஆம்லோடிபின் மாத்திரைக்கும் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கும் இயல்பு உண்டு என்பதால், உப்பைக் குறைத்த பிறகும் சில நாட்களில் வீக்கம் வடியவில்லை என்றால் அங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் காட்டி, மாத்திரையை மாற்ற வேண்டுமா, இதயத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள்; நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஏற்படக்கூடிய ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சுவலி, பேச்சு குழறுவது போன்றவை தோன்றினால் காத்திருக்காமல் 911 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

இப்போது உப்புக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியமே போதும் என்கிறது. அது 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நீங்கள் பயன்படுத்தும் கெட்டியான கிரீம் சூப் டப்பா ஒன்றிலேயே பெரும்பாலும் 2000 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கும். டப்பாவின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண் அரைக் கோப்பைக்கு உரியது என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. சாதாரண சிக்கன் பிராத்தில் கோப்பைக்கு 800 மில்லிகிராம் வரை இருக்கிறது. குளிர்பெட்டி பிஸ்கட் மாவின் பெரிய உருண்டைகள் பலவற்றில் ஒவ்வொன்றிலும் 400 மில்லிகிராமைத் தாண்டுகிறது. இரண்டு டப்பா, நான்கு கோப்பை பிராத், எட்டு பிஸ்கட் என்று வைத்து ஆறு பேருக்குப் பிரித்தால், ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 1800 மில்லிகிராம் வருகிறது. உங்கள் மாமியார் அன்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டிருக்கிறார். அவர் நாக்குக்கு அது உப்பாகத் தெரிந்திருக்காது, ஏனெனில் கிரீமும் மாவும் உப்பின் கூர்மையை மழுக்கிவிடுகின்றன.

கோழியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் விற்கும் பச்சைக் கோழியில் கணிசமான பங்கு உப்புநீர் செலுத்தப்பட்டது. இத்தனை சதவீதம் கரைசல் சேர்க்கப்பட்டது என்று உறையில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். அப்படி எழுதாத கோழியைத் தேடி வாங்குங்கள். உறைகளில் உள்ள சொற்களிலும் கவனம் தேவை: 'ரெட்யூஸ்ட் சோடியம்' என்றால் வழக்கமானதைவிட 25 சதவீதம் குறைவு என்றுதான் பொருள், அப்போதும் அது மிக உப்பானதாக இருக்கலாம், 'லோ சோடியம்' என்றால் ஒரு பரிமாறும் அளவில் 140 மில்லிகிராமுக்கு மேல் இல்லை என்று பொருள்.

சோடியம் குறைந்த உப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மாமியாருக்கு அது வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். அத்தகைய உப்புகளில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டெல்மிசார்டான் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மருந்து. சர்க்கரை நோயுள்ளவரின் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து பொட்டாசியத்தை இதயத்துடிப்பே தடுமாறும் அளவுக்குக் கொண்டுபோகலாம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் அனுமதித்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். சோடியம் இல்லாத பேக்கிங் பவுடர் என்று விற்பவற்றிலும் பொட்டாசியம் உப்பு இருக்கக்கூடும்.

ஆகவே சாதாரண உப்பையே குறைவாகப் போட்டு, டப்பா இல்லாமல் செய்வதுதான் வழி. அதற்கு நேரம் அதிகம் ஆகும், ஆனால் கடினமில்லை. ஒன்றரைக் கிலோ கோழியைத் தோல் நீக்கி எலும்போடு பெரிய துண்டுகளாக்கி, அது மூழ்கும் அளவு தண்ணீரில் வெங்காயம், கேரட், செலரித்தண்டு, இரண்டு பிரிஞ்சி இலை, கொஞ்சம் தைம் என்னும் வாசனை இலை, பத்துப் பதினைந்து மிளகு சேர்த்து, தளதளவென்று கொதிக்க விடாமல் சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். கோழியைக் கழுவ வேண்டாம்; கழுவும்போது தெறிக்கும் நீர்தான் கிருமியைச் சமையலறை முழுதும் பரப்புகிறது, அதைக் கொல்வது வெப்பம். இறைச்சியின் உட்பகுதி 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் அடைய வேண்டும். வடித்த நீரை இரவு முழுதும் குளிர்பெட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். எலும்பிலிருந்து இறங்கிய சாறு அடியில் இளகிய கூழாகக் கிடைக்கும். சுவை அதில்தான் இருக்கிறது.

கெட்டித்தன்மைக்குக் கிரீம் அவசியமில்லை. ஹெவி கிரீமில் 36 சதவீதமாவது பால்கொழுப்பு இருக்கும். ஒரு கோப்பை ஊற்றினால் 50 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு பானைக்குள் போகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவருக்கு அடுத்த கவலை இதயக் குழாய் என்பதால், உப்புக்கு அடுத்தபடியாக இதையும் நான் குறைக்கச் சொல்வேன். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் நறுக்கிய வெங்காயம், கேரட், செலரியை வதக்கி, மூன்று மேசைக்கரண்டி மைதாவைத் தூவிப் பச்சை வாசனை போகும்வரை கிளறி, கோழி வெந்த நீரில் ஆறு கோப்பையைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரையுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பு மட்டும் போடுங்கள். நீரில் வேகவைத்து மசித்த காலிஃபிளவர் ஒரு கோப்பை சேர்த்தால் வெண்ணெய் போன்ற மென்மை வந்துவிடும். இது என் சொந்த விருப்பம், கட்டாயமில்லை. கொழுப்புக் குறைந்த பால் இரண்டு கோப்பையைக் கடைசியில், உருண்டைகள் வெந்த பிறகு, தீயைக் குறைத்துச் சேர்த்தால் திரியாது. எலுமிச்சைச் சாறும் புதிதாகப் பொடித்த மிளகும் உப்பின் குறையை நன்றாகவே ஈடுகட்டும்.

டம்ப்ளிங்ஸ் அமெரிக்கத் தென் மாநிலங்களிலேயே இரண்டு விதமாகச் செய்யப்படுகிறது. தளர்ந்த மாவைக் கரண்டியால் எடுத்துப் போட்டு, பானையை மூடி 15 நிமிடம் திறக்காமல் ஆவியில் வேகவிடுவது ஒன்று. அதற்கு ஒன்றரைக் கோப்பை மாவுக்கு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் தேவை, அதில் மட்டும் 900 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் வரும். மாவைத் தட்டையாகத் தேய்த்து, பட்டைகளாக வெட்டிக் கொதிக்கும் சாற்றில் போடுவது மற்றொன்று. இதைப் பல வீடுகளில் பேக்கிங் பவுடர் இல்லாமலே செய்கிறார்கள். உங்கள் மாமியாருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது முறை. சப்பாத்தி தேய்த்துப் பழகிய அவரே அந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம், அதில் பாதி கோதுமை மாவாகவும் இருக்கலாம். முதல் முறையில் செய்தாலும் மாவில் தனியாக உப்புப் போடாவிட்டால் ஒரு கிண்ணத்தின் சோடியம் ஏறத்தாழ 500 மில்லிகிராமுக்குள் நிற்கும். இரண்டாவது முறையில் இன்னும் குறையும். எந்த மாவானாலும் பச்சையாக ருசி பார்க்க வேண்டாம், குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். பச்சை மாவிலும் ஈ.கோலி, சால்மோனெல்லா கிருமிகள் இருக்கக்கூடும்.

சர்க்கரை விஷயத்தில் பார்க்க வேண்டியது மாவின் அளவு. ஒன்றரைக் கோப்பை மாவில் பன்னிரண்டு உருண்டைகள் செய்தால், ஒன்று ஏறத்தாழ ஓர் இட்லிக்குச் சமமான மாவுச்சத்து கொண்டது. அவருக்கு இரண்டு உருண்டை, நிறையக் கோழி, நிறையக் காய் என்று பரிமாறுங்கள். அதோடு சோறோ ரொட்டியோ வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் அந்த அளவு அவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மீந்த சூப்பை அடுப்பின் மேலேயே இரவு முழுதும் விட்டுவிடாதீர்கள். பெரிய பானை மெதுவாக ஆறும்போது, கொதியைத் தாங்கித் தப்பிய கிருமி வித்துகள் மீண்டும் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள், ஒவ்வொரு முறையும் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். மாவு சாற்றை இழுத்துக்கொள்வதால் மறுநாள் சூப் இறுகியிருக்கும். வெந்நீர் விட்டு இளக்கலாம், மேலும் உப்புச் சேர்க்க வேண்டாம்.

அடுத்த இரண்டு வாரங்களுக்கு அவருடைய ரத்த அழுத்தத்தைக் காலையிலும் மாலையிலும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, இரண்டு முறை அளந்து எழுதி வையுங்கள். உப்பைக் குறைத்தும் அது பெரும்பாலும் 140/90க்கு மேலேயே இருந்தால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அந்தக் குறிப்பேட்டையும் அவருடைய கடைசி ரத்தப் பரிசோதனையில் வந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுவது), பொட்டாசியம் அளவுகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.