திருப்பி அடிக்காத பிள்ளை

அன்புள்ள ஐயா,

நான் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். என் மகனுக்குப் பதினான்கு வயது. ஐஸ் ஹொக்கியில் டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) ஆடுகிறான். இந்த முறைதான் பாடி செக், அதாவது உடம்பால் இடிப்பது, உள்ள பிரிவுக்கு வந்திருக்கிறான். நல்லாய்ச் சறுக்குவான், ஆனால் யாரும் இடித்தால் திருப்பி இடிக்கமாட்டான். மற்றப் பெற்றோர் அவனை 'சொஃப்ட்' என்கிறார்கள். 'பெட்டைப்பிள்ளை மாதிரி நிக்கிறாய்' என்று நானும் ஏசிவிட்டேன். செலவோ கையைக் கடிக்கிறது. இவனுக்குத் தொழில்முறை ஆட்டத்தில் எதிர்காலம் உண்டா? இப்போதே ஏஜென்ட் பார்க்க வேண்டுமா? இன்னொன்று. ரொறன்ரோ அரங்குக்கு வெளியே பழைய ஆட்டக்காரர் சால்மிங்கின் சிலையைப் பார்த்துவிட்டு, 'ஒரு ஸ்டான்லி கப்பும் வெல்லாதவருக்கு ஏன் சிலை?' என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகனின் எதிர்காலத்தை என்னால் சொல்ல முடியாது. செலவு உங்கள் வீட்டுக் கணக்கு, அதில் நான் தலையிடக் கூடாது. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு பெயரை எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். பொர்யே சால்மிங்கைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்வீடனின் வடகோடியில் கிருனா என்ற இரும்புச் சுரங்க ஊர். தந்தை வழியில் சாமி என்ற வட ஐரோப்பியப் பழங்குடி. அந்தத் தந்தை சுரங்க விபத்தில் இறந்தபோது பையனுக்கு ஐந்து வயது. 1973இல், இருபத்திரண்டு வயதில், ஹம்மர்ஸ்ட்ரோம் என்ற இன்னொரு ஸ்வீடன்காரருடன் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஆட வந்தார். ஸ்டான்லி கப்புக்காக ஆடும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லில் ஐரோப்பியர்கள் அபூர்வமாக இருந்த காலம் அது. அவர்களுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'கோழை ஸ்வீடன்காரர்கள்.' முரட்டு ஆட்டத்துக்கே பேர்போன பிலடெல்பியா அணியினர் ஸ்டிக்கால் வெட்டுவார்கள், குத்துவார்கள், சண்டைக்கு இழுப்பார்கள். ஹம்மர்ஸ்ட்ரோம் பையில் ஆறு முட்டையோடு, ஆட்கள் முட்டிமோதும் அரங்கின் மூலைக்குப் போனாலும் ஒன்றுகூட உடையாது என்று சொன்னது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அணியின் முதலாளி ஹரால்ட் பல்லார்ட்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். ஐம்பது வருடத்துக்கு முன் அந்த மனிதர்கள் சொன்னதைத்தானே பெற்ற தகப்பன் நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள்? பெட்டைப்பிள்ளையாம்! 2002 முதல் 2014 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வாங்கியது உங்கள் கனடாவின் பெண்கள் அணி. அந்தச் சொல்லை இனி உங்கள் வாயில் வரவிடாதீர்கள்.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடிபட்டு, சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தால் என் அப்பா முதலில் கேட்பது, "திருப்பி அடிச்சியா?" என்றுதான். வலிக்கிறதா என்று அம்மாதான் கேட்பாள். அப்பா என்மேல் உயிரையே வைத்திருந்தவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே, அடிபட்ட நாட்களில் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்து இருட்டிய பிறகு வீட்டுக்குப் போவேன். உங்கள் மகன் ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் நீங்கள் முதலில் என்ன கேட்கிறீர்கள்?

சால்மிங் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதைச் சொல்கிறேன். குத்துச்சண்டையில் ஜெயித்து அல்ல. அடித்தாலும் அடுத்த முறை இறங்கும்போது அதே இடத்தில் வந்து நின்றார், எதிரி அடிக்கும் ஷாட்டின் குறுக்கே உடம்பைப் போட்டார். பந்துக்குப் பதில் அடிக்கும் பக் என்பது 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள கெட்டி ரப்பர். துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள். மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்திலும் வரும். இவர் ஓடிப்போய் அதன் முன்னால் விழுவார்.

சில வருடங்களுக்கு முன் உங்கள் ஊர் பனிச்சறுக்கு அரங்கம் ஒன்றில், விடியற்காலையில், சிறுவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தேன். முதலில் ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே சறுக்க வேண்டும். ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுக்காமல், உடம்பால் மட்டும் எதிரியை ஓரத்துக்கு ஒதுக்கப் பழகுவதற்காக. பிறகு பயிற்சியாளர் பஞ்சுப் பந்து ஒன்றை எறிந்தார். ஒரு பையன் சட்டென்று திரும்பிக்கொண்டான். அவர் குனிந்து அவன் காலின் பின்சதையைத் தட்டிக் காட்டினார். காப்பெல்லாம் முன்னால்தான் இருக்கிறது, பின்னால் ஒன்றுமில்லை. பயந்து திரும்புகிறவனுக்குத்தான் எலும்பு முறியும், நேராக நில், அடிக்கிறவனை நெருங்கிப் போ என்றார். அந்தப் பையன் மூன்றாவது தடவை நேராக நின்றான். கண்ணைத்தான் மூடிக்கொண்டான்.

இதைத் திறமை என்று யார் கணக்கு வைக்கிறார்கள்? சால்மிங் 1,148 ஆட்டங்கள் ஆடினார். 150 கோல், 637 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்கு வழிசெய்த பாஸ்). அந்த அசிஸ்டில் 620 டொராண்டோவுக்காக, இன்றும் அந்த அணியில் அதுதான் அதிகம். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அவர் மறித்த ஷாட்டுகள் இல்லை. அந்தக் காலத்தில் லீக் அதை எண்ணவே இல்லை. உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து கோலையும் கோப்பையையும் மட்டும் எண்ணுகிற நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் விருதுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1977, 1980 இரண்டு முறையும் இரண்டாமிடம், இரண்டு முறையும் வென்றவர் லாரி ராபின்சன். 1986இல் கோல் வாசலில் விழுந்து கிடந்தபோது எதிரணிக்காரரின் ஸ்கேட் அவர் முகத்தில் இறங்கியது. 200க்கும் மேல் தையல். அதற்குப் பிறகும் ஆடினார்.

ஊர் ஜனத்துக்கு இது தெரிந்திருந்தது. நாடுகள் மோதிய 1976 கனடா கோப்பையில் ஸ்வீடன் சட்டையோடு டொராண்டோவில் இறங்கினார். பெயரை அறிவித்ததும் மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. எதிரணி ஆள் ஐயா அவர்! உங்கள் மகனுக்கு அந்த ஒளிப்பதிவைத் தேடிக் காட்டுங்கள். சிலை எதற்கு என்பதற்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இன்னொன்றும் காட்டலாம், உங்களுக்குத் தைரியமிருந்தால். 2022இல் அவருக்கு ஏஎல்எஸ் நோய் வந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், பேச்சு போய்விட்டது. அந்த நவம்பரில் டொராண்டோவுக்கு அழைத்து வந்தார்கள். பழைய கேப்டன் டாரில் சிட்லர் அழுதுகொண்டே பக்கத்தில் நின்று, அவர் கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். மறுநாள் ஆட்டத்தைத் தொடங்க ஆறு ஸ்வீடன்காரர்களை இறக்கியது லீஃப்ஸ். இரண்டு வாரத்துக்குள் அவர் இறந்துவிட்டார், எழுபத்தொரு வயதில். அந்த நவம்பர் ஒளிப்பதிவை என்னால் முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை.

ஏஜென்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினான்கு வயதுக்கு வேண்டாம். ஸ்கேட்டின் மேல் மாட்டுகிற கணுக்கால் காப்பு கடைகளில் கிடைக்கும், நல்லதாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். செலவைக் குறைப்பதானால் வேறு எதிலாவது குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பேசிய அந்தச் சொல்லுக்கு அவனிடம் மன்னிப்பும் கேளுங்கள்.

அன்புடன்.