எச்ஓஏ கணக்கைக் கேட்டால் தப்பா? – வாசகர் கேள்வி பதில்

விசா, வரி என்று வழக்கமாக வரும் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். புது வருட பட்ஜெட் கடிதம் எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது போல, இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் எச்ஓஏ (குடியிருப்பு வளாகத்தின் வீட்டு உரிமையாளர் சங்கம்) புலம்பல்தான்.

கேள்வி: எங்கள் டவுன்ஹவுஸ் வளாகத்தில் 84 வீடுகள். மாதம் 410 டாலராக இருந்த எச்ஓஏ கட்டணத்தை இந்த ஜனவரியிலிருந்து 485 ஆக்கிவிட்டார்கள். எதற்கு என்று மெயில் போட்டால், "போர்ட்டலில் ஆண்டறிக்கை இருக்கிறது, பாருங்கள்" என்று ஒரு வரி பதில். அதில் வெறும் மொத்தத் தொகைகள்தான். "ரிப்பேர் – 96,000" என்றால் யாருக்குக் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள்? பில்களைக் காட்டுங்கள் என்றேன். தனிப்பட்ட விவரங்களை மறைத்துத் தர 300 டாலர் ஆகும் என்கிறது மேனேஜ்மென்ட் கம்பெனி. போர்டு பிரசிடென்ட் நம்மூர்க்காரர், அவர் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே தமிழ்ப் பள்ளி. "வேண்டாம்ங்க, அவரைத் திருடன்னு சொன்ன மாதிரி ஆயிடும்" என்கிறார் மனைவி. என்ன செய்யலாம்?
– வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: முதலில் அந்த 300 டாலரைக் கொடுத்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் எச்ஓஏக்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்வது 1985-ல் வந்த டேவிஸ்–ஸ்டெர்லிங் சட்டம். ஆவணங்களைப் பார்க்கும் உரிமை சிவில் கோடு 5200 முதல் 5240 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. மறைத்துத் தரும் வேலைக்கு மணிக்கு 10 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது, ஒரு கோரிக்கைக்கு மொத்தம் 200 டாலரைத் தாண்டவும் கூடாது. அதுவும் பில், ரசீது, பணமாகிப் போன செக், அசோசியேஷன் பெயரில் உள்ள கிரெடிட் கார்டின் ஸ்டேட்மென்ட் மாதிரி ஆவணங்களுக்கு மட்டும்தான். எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். நகல், தபால் செலவு தனி, உண்மையில் ஆன செலவை மட்டும் வாங்கலாம். நீங்களே ஆபீசுக்குப் போய்ப் பார்க்கலாம், உங்கள் சார்பில் வேறு ஒருவரை எழுத்து மூலம் நியமித்தும் அனுப்பலாம், கணக்குத் தெரிந்த நண்பர் இருந்தால் அது ரொம்ப வசதி.

கட்டண உயர்வு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் தவறான இடத்தில் சண்டையைத் தொடங்குகிறார்கள். 410 டாலர் 485 ஆனது 18 சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஆண்டு பட்ஜெட் அறிக்கையை நிதியாண்டு முடிவதற்கு 30 முதல் 90 நாள் முன்னால் எல்லாருக்கும் அனுப்பியிருந்தால், 20 சதவீதம் வரை வாக்கெடுப்பு இல்லாமலே போர்டு ஏற்றிக்கொள்ளலாம். ஆகவே "எங்களைக் கேட்காமல் எப்படி ஏற்றினீர்கள்" என்று மீட்டிங்கில் எழுந்து நின்றால் நீங்கள்தான் தோற்பீர்கள். "ஏற்றிய பணம் எங்கே போகிறது" என்பதுதான் உங்கள் கேள்வி, அதற்குப் பதில் வாங்கும் உரிமை உங்களுக்கு முழுக்க இருக்கிறது.

போர்ட்டலில் இருக்கும் அந்த ஆண்டறிக்கையை வைத்து அவர்கள் தப்ப முடியாது. ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டும் அசோசியேஷன், தன் நிதி அறிக்கையை ஒரு சிபிஏவிடம் (உரிமம் பெற்ற கணக்காளர்) கொடுத்து ரிவ்யூ செய்து, நிதியாண்டு முடிந்த 120 நாளுக்குள் உறுப்பினர்களுக்குத் தர வேண்டும் என்பது ஒரு தனிக் கடமை (உங்கள் வளாகத்தில் புதுக் கட்டணப்படி வருடம் 4,88,880 டாலர் வசூலாகும், ஆக இது கட்டாயம்). ரிவ்யூ என்பது ஆடிட் இல்லை. சிபிஏ ஒவ்வொரு பில்லையும் எடுத்துப் பார்த்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அறிக்கை தந்துவிட்டோம் என்பதால் ஆவணங்களைக் காட்டும் கடமை தீர்ந்துவிடாது.

சரி, எப்படிக் கேட்பது? "எல்லாக் கணக்கையும் காட்டு" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, நடந்தாலும் இரண்டு பெட்டி காகிதம் வரும், உங்களுக்கே தலை சுற்றும். முதல் கடிதத்தில் நான் நாலே நாலு கேட்பேன்: போன நிதியாண்டின் செக் ரிஜிஸ்டர், ஜெனரல் லெட்ஜரில் ரிப்பேர் தலைப்புப் பக்கங்கள், ரிசர்வ் (பெரிய வேலைகளுக்கான சேமிப்பு) கணக்கின் இருப்பும் அதிலிருந்து வெளியே போன பணத்தின் விவரமும், மேனேஜ்மென்ட் கம்பெனியோடும் பெரிய கான்ட்ராக்டர்களோடும் கையெழுத்தான ஒப்பந்தங்கள். செக் ரிஜிஸ்டரில் பெயர் பெயராக யாருக்கு எவ்வளவு என்று இருக்கும். அதைப் படித்து, சந்தேகம் வரும் நாலைந்து செக்குக்கு மட்டும் இரண்டாவது கடிதத்தில் பில் கேளுங்கள். மறைக்கும் செலவும் அத்தோடு குறைந்துவிடும். நடப்பு நிதியாண்டின் ஆவணம் என்றால் 10 வேலை நாள், அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகள் என்றால் 30 நாள் கெடு. ஜனவரி பிறந்துவிட்டதால், உங்கள் நிதியாண்டு காலண்டர் ஆண்டாக இருந்தால், போன வருடக் கணக்குக்கு 30 நாள் காத்திருக்கத்தான் வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியது உறுப்பினர் பட்டியலுக்குத்தான், நிதி ஆவணங்களுக்கு இல்லை. ஆனால் வாங்கிய ஆவணங்களை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

சிலவற்றைத் தர மாட்டார்கள், அது நியாயம்தான். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை மாதம் பாக்கி, யாருக்கு அபராதம், வக்கீலுடன் பேசிய கடிதங்கள், வங்கிக் கணக்கு எண்கள், இதெல்லாம் கிடைக்காது. ஆனால் "பிரைவசி" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கான்ட்ராக்டருக்குக் கொடுத்த தொகையை மறைக்க முடியாது. வெண்டர்கள், ஊழியர்கள் ஆகியோருக்குக் கொடுத்த பணத்தை மறைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஊழியராக இருந்தால் பெயருக்குப் பதில் பதவியைப் போட்டுச் சம்பளத்தைக் காட்ட வேண்டும்.

ஆவணம் கைக்கு வந்ததும் எல்லாரும் திருட்டைத்தான் தேடுகிறார்கள். எனக்கு வரும் கடிதங்களை வைத்துச் சொல்கிறேன், திருட்டைவிட அசட்டையும் நீண்ட நாள் தள்ளிப்போட்ட செலவும்தான் அதிகம். முதலில் ரிசர்வைப் பாருங்கள். கூரை, பெயின்ட், சாலை மாதிரி பெரிய வேலைகளுக்கான பணம் அது. மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது ஆள் வந்து நேரில் பார்த்து ரிசர்வ் ஸ்டடி செய்ய வேண்டும். ரிசர்விலிருந்து அன்றாடச் செலவுக்குக் கைமாற்று எடுத்தால் பொதுவாக ஒரு வருடத்துக்குள் திருப்பிப் போட வேண்டும். "இந்த வருடம் எடுத்தோம், அடுத்த வருடம் பார்த்துக்கலாம்" என்று வருடக்கணக்கில் ஓட்டியிருந்தால் உங்கள் 75 டாலர் எங்கிருந்து முளைத்தது என்பது தெரிந்துவிடும். அடுத்து, இன்சூரன்ஸ் பிரீமியத்தைப் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். உங்களுடையது காண்டோவாக (வீடு தனிச் சொத்து, கட்டடம் போன்றவை பொதுச் சொத்து) பதிவாகி, ஒரே கட்டடத்தில் மூன்றோ அதற்கு மேலோ வீடுகள் இருந்து மரத்தாலான பால்கனிகளும் இருந்தால், 2025 ஜனவரி 1-க்குள் முதல் பரிசோதனையை முடித்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் உண்டு. அந்தச் சோதனைக்கும், அதில் அகப்பட்ட இற்றுப்போன மரத்துக்கும் நிறைய வளாகங்களில் பணம் கரைந்திருக்கிறது. கடைசியாக, மேனேஜ்மென்ட் கம்பெனிக்கே சொந்தமான ரிப்பேர் கம்பெனிக்கு வேலை போயிருக்கிறதா என்று ஒப்பந்தங்களையும் செக் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனதே தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் வேறு யாரிடமாவது விலை கேட்டார்களா என்று மீட்டிங் மினிட்ஸில் தேட வேண்டும்.

இனி உங்கள் மனைவியின் கவலை. அது சாதாரணக் கவலை இல்லை, சனிக்கிழமை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிரசிடென்ட் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள்: மாதாமாதம் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் வரவு செலவையும் போர்டு பார்த்தாக வேண்டும் என்பதும் சட்டம்தான். அதாவது பிரசிடென்ட் ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டிய தாள்களைத்தான் நீங்களும் பார்க்கக் கேட்கிறீர்கள். கடிதத்தை அவர் பெயருக்கு எழுதாமல், மேனேஜ்மென்ட் கம்பெனி வழியாக "போர்டுக்கு" என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், தமிழ்ப் பள்ளி பார்க்கிங்கில் பேச்சே எடுக்காதீர்கள். முடிந்தால் கடிதம் போகும் முன் ஒரு போன்: "அண்ணா, கணக்கு கேட்டு ஒரு லெட்டர் அனுப்பறேன், உங்க மேல ஒண்ணும் இல்லை, கம்பெனிக்காரன் முன்னூறு டாலர் கேக்கறான்" என்று சொல்லிவிடுங்கள். சம்பளமில்லாமல் அந்த வேலையைப் பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு கம்பெனி இப்படிப் பணம் கேட்பதே தெரியாது.

அதற்கும் மசியவில்லை என்றால், போர்டோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கும் முறை ஒன்று சட்டத்தில் இருக்கிறது, அதற்கு உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அப்புறம் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் (சிறு தொகை வழக்குகளுக்கானது). காரணமில்லாமல் மறுத்தார்கள் என்று தெரிந்தால், மறுத்த ஒவ்வொரு எழுத்துக் கோரிக்கைக்கும் 500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். வம்புக்காகப் போட்ட வழக்கு என்று நீதிபதி முடிவு செய்தால் அசோசியேஷனின் செலவு உங்கள் தலையில் விழலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: புது கம்யூனிட்டி, இன்னும் வீடு கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். போர்டில் மூன்று பேரும் பில்டரின் ஆட்கள். "எங்களிடமிருந்து கைமாறிய பிறகு உங்கள் போர்டிடம் கணக்கு கேளுங்கள்" என்கிறார்கள். அப்படி ஒரு விதி இருக்கிறதா?
– வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: இல்லை. டெக்சஸ் பிராபர்ட்டி கோடு 209.005-ம் பிரிவு, போர்டு யார் கையில் இருந்தாலும் பொருந்தும். ஆனால் அங்கே முறை முக்கியம். இ-மெயில் போதாது, சர்ட்டிஃபைட் மெயிலில் (அனுப்பியதற்கு ரசீது தரும் தபால்) கடிதம் போக வேண்டும், அதுவும் அசோசியேஷன் கவுன்ட்டியில் பதிந்துள்ள மேனேஜ்மென்ட் சர்ட்டிஃபிகேட்டில் (அசோசியேஷனின் நிர்வாக விவரம் உள்ள பதிவு) உள்ள முகவரிக்கு. (அந்த சர்ட்டிஃபிகேட்டை மாநில ரியல் எஸ்டேட் கமிஷனின் தளத்திலும் தேடிப் பார்க்கலாம்.) எந்த ஆவணம், நேரில் பார்க்கவா அல்லது நகலா என்று நீங்களே குறிப்பிட வேண்டும். 10 வேலை நாளுக்குள் தர வேண்டும், முடியாவிட்டால் எழுத்தில் சொல்லிவிட்டு இன்னும் 15 வேலை நாள் எடுத்துக்கொள்ளலாம். நகலுக்கான கட்டண விவரத்தை அவர்கள் கவுன்ட்டியில் பதிவு செய்திருக்காவிட்டால் உங்களிடம் அந்தக் கட்டணம் கேட்க முடியாது. தராவிட்டால் முன்கூட்டி நோட்டீஸ் அனுப்பிவிட்டு சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போகலாம். ஜெயித்தால் கோர்ட் செலவை உங்கள் அடுத்த கட்டணங்களில் கழித்துக்கொள்ளவும் நீதிபதி அனுமதிக்கலாம்.

இன்னொன்று, கட்டப்போகும் மனைகளில் 75 சதவீதம் விற்று 120 நாள் ஆவதற்குள் போர்டில் மூன்றில் ஒரு பங்காவது வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். எத்தனை வீடு விற்றிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அந்தச் சதவீதம் தாண்டியிருக்கக்கூடும்.

கேள்வி: ஃப்ளோரிடாவில் இதெல்லாம் ஆன்லைனிலேயே போட வேண்டுமாமே?
– வாசகர், டாம்பா

பதில்: ஆமாம். 100 மனைகளும் அதற்கு மேலும் உள்ள எச்ஓஏக்கள் 2025 ஜனவரி 1 முதல் பட்ஜெட், ஒப்பந்தங்கள் போன்றவற்றை உறுப்பினர்கள் பார்க்கும்படி இணையதளத்தில் வைக்க வேண்டும். காண்டோ என்றால் 25 வீடுகளிலிருந்தே, 2026 ஜனவரி 1 முதல். மயாமிக்குப் பக்கத்தில் ஹேமக்ஸ் என்ற பெரிய எச்ஓஏவில் நிர்வாகிகள் 2022-ல் கைதான பிறகு, அந்த மாநிலத்தில் சட்டம் நன்றாக இறுகிவிட்டது. தளத்தில் இல்லாததை சர்ட்டிஃபைட் மெயிலில் கேளுங்கள், 10 வேலை நாள் தாண்டினால் நாளுக்கு 50 டாலர் வீதம் 10 நாள் வரை நஷ்ட ஈடு கேட்கலாம்.

கேள்வி: நான் இருப்பது நியூ ஜெர்சி, ஃபிளாட் இருப்பது சோழிங்கநல்லூரில். மெயின்டனன்ஸ் ஒழுங்காகக் கட்டுகிறேன். அசோசியேஷன் செகரட்டரி வாட்ஸ்அப்பில் ஒரு பக்க ஷீட் அனுப்புவதோடு சரி. ஆர்டிஐ போடலாமா?
– வாசகி, எடிசன்

பதில்: அசோசியேஷன் மீது நேரடியாகப் போட முடியாது, அது அரசு அமைப்பு இல்லை. முதலில் பைலாவை எடுத்துப் பாருங்கள், கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் எப்போது பார்க்கலாம் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அசோசியேஷன் 1975-ம் வருட தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதா என்றும் கேளுங்கள். பதிவானது என்றால் வருடா வருடம் தணிக்கை செய்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே இருக்கும் ஆவணத்தின் நகலைக் கட்டணம் கட்டி வாங்கலாம், தாக்கலே செய்யவில்லை என்றால் அதுவும் அங்கே தெரிந்துவிடும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து மனுக் கொடுத்தால், 36-ம் பிரிவின்படி சங்கத்தின் நிதி நிலைமையைப் பதிவாளர் விசாரிக்கலாம். ஓஎம்ஆர் பக்கம் உங்களைப் போல வெளிநாட்டில் இருக்கும் ஓனர்கள் நிறைய, கையெழுத்துச் சேர்ப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம்.

பதிவாளர் அலுவலகத்திடம் உள்ள விவரத்துக்கு ஆர்டிஐ போடலாம். ஆனால் அந்த உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை இருந்தாலும் உங்கள் பெயரில் முடியாது. ஊரில் இருக்கும் தம்பியோ அப்பாவோ தங்கள் பெயரில் போடட்டும், 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும்.