வாசகர் கேள்வி பதில்: கப்பல் டூருக்கு டெஸ்ட் எடுக்கணுமா?

தை பொறந்து சம்பா அறுப்பு முடிஞ்சா நம்ம பக்கத்துல கையில கொஞ்சம் காசு பொழங்கும், அதான் மாசி பங்குனில வெளிநாடு கெளம்புற கூட்டம் இப்பவே கடுதாசி போட ஆரம்பிச்சிருச்சு. இந்த தடவை வந்ததுல நெறைய கப்பல் பயணம் பத்தித்தான், அதுலயும் டெஸ்ட்டு, சர்டிபிகேட்டு, ஊசின்னு ஒரே குழப்பம், அதனால அத மட்டும் எடுத்துக்குறேன். சமையல் கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கும்பகோணம் வாசகி: திருக்கடையூர்ல எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் முடிஞ்சுது. சிங்கப்பூர்ல இருக்குற பையன் அங்கேருந்து பினாங்கு, புக்கெட் போயிட்டு வர்ற கப்பல்ல எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுருக்கான். பக்கத்து வீட்டு மாமி கோவிட் டெஸ்ட் இல்லாம ஏத்தவே மாட்டாங்கங்கிறாங்க, டிராவல்ஸ்காரர் டெஸ்ட்டுக்கு, சர்டிபிகேட்டுக்குன்னு தனித்தனியா பணம் கேக்குறார், பையன் அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மாங்கிறான். போன மாசம் எனக்கு சளி காய்ச்சல் வேற வந்து போச்சு. யார் சொல்றத கேக்குறது?

மாமி சொல்றது பொய்யில்லம்மா, பழசு. 2021, 2022ல கப்பல் ஏறுறதுன்னா டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம துறைமுக வாசலையே தாண்ட முடியாது. அப்புறம் அமெரிக்காவுல சிடிசிங்கிற நோய்த்தடுப்பு அரசு அமைப்பு கப்பல்களுக்குன்னு வச்சிருந்த கோவிட் திட்டத்தை 2022 ஜூலை 18ம் தேதியோட முடிச்சுட்டாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியா டெஸ்ட்டை கைவிட ஆரம்பிச்சு இன்னிக்கு பெரும்பாலான கப்பல்ல கேக்குறதே இல்ல. அதனால டிராவல்ஸ்காரர்ட்ட சண்டையெல்லாம் போடாதீங்க, "எந்த கப்பல் கம்பெனி கேக்குது, எழுத்துல காட்டுங்க தம்பி"ன்னு மட்டும் கேளுங்க. காட்டினா குடுங்க, காட்டலன்னா அந்த காசுக்கு அங்க போய் நல்லா சாப்பிடுங்க.

ஆனா பையன் சொல்றதையும் அப்படியே எடுத்துக்காதீங்க. விதி ரெண்டு எடத்துலேருந்து வரும், ஒண்ணு கப்பல் கம்பெனி, இன்னொண்ணு கப்பல் நிக்குற நாடு. ரெண்டுல எது வேணா எப்ப வேணா மாறலாம், எங்கயாவது ஒரு காய்ச்சல் கெளம்புச்சுன்னா ஒரே ராத்திரில மாத்திருவாங்க. கம்பெனிக்காரங்க அனுப்புற மெயில் பையனுக்குத்தான் போகும், அவன் ஆபீஸ் அவசரத்துல பாக்காம விட்டுருவான், அதனால கெளம்புறதுக்கு ஒரு மாசம் முன்ன ஒரு தடவை, கடைசி வாரத்துல ஒரு தடவை, அந்த மெயிலை வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லி நீங்களே படிங்க. அரசாங்கத்தோட கோவின் சைட்ல எடுத்த பழைய தடுப்பூசி சர்டிபிகேட் இருந்தா ஒரு பிரிண்ட் போட்டு பைல வச்சுக்கங்க, ஒரு தாளுதானே.

சரி, நாளைக்கே டெஸ்ட் வேணும்னு சொல்லிட்டாங்கன்னு வச்சுக்குவோம். அங்கதான் நம்ம ஊர் ஆளுங்க தடுமாறுறாங்க. 72 மணி நேரத்துக்குள்ளன்னு போட்டிருந்தா அது ரிப்போர்ட் வந்த நேரமா, மூக்குல குச்சி விட்ட நேரமான்னு மொதல்ல பாருங்க, பெரும்பாலும் குச்சி விட்ட நேரம்தான் கணக்கு. உதாரணத்துக்கு கப்பல் சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு சிங்கப்பூர்ல கெளம்புதுன்னா 72 மணி நேரம் பின்னாடி போனா புதன்கிழமை சாயங்காலம் 5 மணி, அது சிங்கப்பூர் நேரம், நமக்கு அவங்க ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுறாங்க, அப்ப நம்ம ஊருக்கு புதன்கிழமை மத்தியானம் 2.30. நீங்க நல்ல நேரம் பாத்து புதன்கிழமை காலைல லேப்ல போய் உக்காந்தீங்கன்னா அந்த ரிப்போர்ட் செல்லாது. வியாழக்கிழமை காலைல குடுத்து, ராத்திரிக்குள்ள ரிப்போர்ட் வாங்கி, வெள்ளிக்கிழமை திருச்சியிலேருந்து பிளைட் ஏறுறதுதான் சரியா வரும். சாம்பிளை இங்கயே பாக்குறீங்களா, தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ அனுப்புறீங்களான்னு லேப்ல முன்னாடியே கேட்டுக்கங்க, அனுப்புறதா இருந்தா பஸ்ல போய் சேருற நேரத்தையும் கூட்டிக்கணும். 72 மணி நேரம்னு போடாம மூணு நாள்னு போட்டிருந்தா கணக்கு மாறும், எந்த தேதியிலேருந்து எண்ணணும்னு கேட்டுட்டு போங்க.

அடுத்தது பேர். இது நம்ம தமிழ்நாட்டுக்காரங்களுக்குன்னே இருக்குற தலைவலி. நமக்கு இனிஷியல்தான் பழக்கம், பாஸ்போர்ட்டுல அப்பா பேரோ வீட்டுக்காரர் பேரோ முழுசா நீட்டி சர்நேம் எடத்துல நிக்கும். லேப் பொண்ணு ஆதாரை பாத்து இனிஷியலோட அடிச்சு குடுத்துரும், கவுன்டர்ல இருக்குற வெள்ளக்காரனுக்கு ரெண்டும் வேற வேற ஆளு. அதனால பாஸ்போர்ட் ஜெராக்ஸை கையில குடுத்து "இதுல இருக்குற மாதிரியே எழுத்துக்கு எழுத்து அடிங்க, பாஸ்போர்ட் நம்பர் போடுங்க, சாம்பிள் எடுத்த மணியும் போடுங்க"ன்னு சொல்லுங்க. ரிப்போர்ட்டை அங்கேயே நின்னு படிச்சுட்டு வாங்க, பஸ் ஸ்டாண்ட் வந்தப்புறம் பாக்காதீங்க.

உங்களுக்கு போன மாசம் வந்தது கோவிட்டா சாதா சளியான்னு இப்ப தெரியாது, ஆனா கோவிட்டா இருந்திருந்தா ஒரு சிக்கல் இருக்கு. ஆர்டிபிசிஆர் டெஸ்ட் ரொம்ப நுணுக்கம், ஒடம்பு முழுசா தேறி மத்தவங்களுக்கு பரவாத நெலமைக்கு வந்தப்புறமும் வாரக்கணக்குல பாசிட்டிவ்னு காட்டலாம். கம்பெனி ரேபிட் ஆன்ட்டிஜென் டெஸ்ட்டையும் ஏத்துக்குதுன்னா உங்கள மாதிரி ஆளுக்கு அதுதான் தேவலாம். ஆனா லேப்ல எடுத்து கையெழுத்து வாங்குனதா இருக்கணும், கடையில கிட் வாங்கி வீட்டுலயே எடுத்து போட்டோ பிடிச்சு அனுப்புறதை பொதுவா ஒத்துக்க மாட்டாங்க.

டெஸ்ட்டை விட இப்ப முக்கியமா ஒண்ணு இருக்கு, அத யாரும் உங்ககிட்ட சொல்லல பாருங்க. சிங்கப்பூர் போறவங்க எறங்குறதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள எஸ்ஜி அரைவல் கார்டுன்னு ஆன்லைன்ல போடணும், ஒடம்பு எப்படி இருக்குங்கிற கேள்வியும் அதுக்குள்ளயே வரும். சிங்கப்பூர் அரசாங்கம் இதுக்கு ஒத்த பைசா வாங்குறதில்ல, காசு கட்டுன்னு ஒரு சைட் கேட்டா அது வேற யாரோ. கப்பல் புக்கெட் போயிட்டு மறுபடி சிங்கப்பூர் வரும்போது திரும்பவும் உள்ள நுழையுறீங்கல்ல, அதுக்கு இன்னொரு கார்டு. விசாவும் ஒரு தடவைக்கு மேல நுழையுற மாதிரி இருக்கணும். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இதே மாதிரி டிஜிட்டல் கார்டு வந்துருச்சு, கப்பல்ல வந்து எறங்குறவங்க அத எப்படி போடணும்னு பையனை விட்டு கம்பெனியில கேக்க சொல்லுங்க. உங்க ரெண்டு பேருக்கும் என் நமஸ்காரம்.

மன்னார்குடி வாசகர்: எனக்கு சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு, இன்சுலின் போடுறேன். கப்பல் பாரத்துல எழுதினா ஏத்த மாட்டாங்களோன்னு பயமா இருக்கு. மறைச்சுரலாமா?

ஏன் சார் மறைக்கணும்? சுகர்காரங்களை ஏத்த மாட்டோம்னா பாதி கப்பல் காலியாத்தான் போகும். உங்களை நிறுத்துறதுக்காக அந்த கேள்வி இல்ல, நடுக்கடல்ல மயக்கம் போட்டு விழுந்தா என்ன பண்ணணும்னு கப்பல் டாக்டருக்கு தெரியறதுக்காக. சில கம்பெனி டாக்டர்கிட்ட பிட்னஸ் சர்டிபிகேட் கேக்கும், கேட்டா உங்களை வழக்கமா பாக்குற டாக்டர்கிட்டயே தேதி, ரிஜிஸ்டர் நம்பர், சீல் எல்லாத்தோடயும் இங்கிலீஷ்ல வாங்கிக்கங்க.

இன்சுலினை பெரிய பெட்டில வச்சுராதீங்க. பிளைட்டுக்கு அடியில குளுர்ல உறைஞ்சு போச்சுன்னா அது வெறும் தண்ணி. கப்பல்லயும் ஏறும்போது பெரிய பெட்டியை வாசல்லயே வாங்கிக்குவாங்க, அது உங்க ரூமுக்கு வந்து சேர சாயங்காலம் ஆயிரும், மத்தியான சாப்பாட்டுக்கு முன்ன ஊசி போடணும்னா எங்க போவீங்க? கைப்பையிலயே இருக்கட்டும். போற நாளுக்கு மேல ஒரு வாரத்துக்கு கூடுதலா எடுத்துக்கங்க, மருந்து சீட்டுல பிராண்ட் பேரோட உள்ள இருக்குற மருந்தோட பொதுப் பேரையும் (ஜெனரிக்) எழுத சொல்லுங்க, நம்ம ஊர் பிராண்ட் பேர சொன்னா அங்க மெடிக்கல்ல முழிப்பாங்க. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் டானிக் மாதிரி சமாச்சாரத்துக்கு சிங்கப்பூர்ல முன்கூட்டியே அனுமதி வாங்கணும், சும்மா பைல போட்டுட்டு போயிராதீங்க. இதோட இன்னொண்ணு, வீட்டுல குருமா பொடி கட்டி குடுப்பாங்க, அதுல கசகசா இருந்தா அதுக்கும் அங்க தடை இருக்கு.

இன்சூரன்ஸ் போடும்போது சுகரையும் பிரஷரையும் சொல்லிட்டே போடுங்க, மறைச்சா கிளெய்ம் பண்ணும்போது அதையே காரணமா காட்டி கைய விரிச்சுருவாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கப்பல் ஆஸ்பத்திரில செல்லாது, அங்க டாக்டர் கைய புடிச்சு பாத்தாலே உங்க ரூம் கணக்குல பில் ஏறும்.

திருவையாறு வாசகர்: குடும்பத்தோட எட்டு பேரு போறோம். ஏறுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பேரனுக்கு வாந்தி பேதி வந்துட்டா சொல்லணுமா? சொன்னா எல்லார் காசும் போயிருமே.

உங்க கவலை புரியுது, எட்டு டிக்கெட்டுன்னா சின்ன காசா. ஆனாலும் சொல்லணும்ங்க. ஏறுற அன்னிக்கு ஒரு பாரம் குடுப்பாங்க, சமீபத்துல காய்ச்சல், வாந்தி, பேதி உண்டான்னு கேட்டிருக்கும். டெஸ்ட்டெல்லாம் போன இந்த காலத்துல இந்த பாரம்தான் கப்பல்காரங்களுக்கு இருக்குற ஒரே வடிகட்டி. ஆமான்னு போட்டா ஒடனே திருப்பி அனுப்பிருவாங்கன்னு இல்ல, நர்ஸோ டாக்டரோ வந்து பாப்பாங்க, என்ன சாப்பிட்டான், எப்ப நின்னுதுன்னு கேப்பாங்க, சரியாயிருச்சுன்னா ஏத்தவும் செய்வாங்க. சில சமயம் ஏத்தாமலும் போவாங்க, அதையும் மறைக்காம சொல்லிர்றேன்.

அவங்க பயப்படுறது நோரோ வைரஸுக்கு. ஒட்டுச்சுன்னா 12லேருந்து 48 மணி நேரத்துக்குள்ள வாந்தியா பேதியா காட்டிரும், நின்னப்புறமும் ரெண்டு மூணு நாளுக்கு, சில பேருக்கு அதுக்கு மேலயும், அடுத்தவங்களுக்கு ஒட்டும். கல்யாண பந்தியில ஒரே கரண்டி ஊரு முழுக்க சுத்துற மாதிரிதான் கப்பல் பஃபேயும். சானிடைசர் தடவிட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க, இதுக்கு அது சரியா வேலை செய்யாது, சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவுனாத்தான் போகும். மறைச்சு ஏறி நடுவுல திரும்ப வந்துச்சுன்னா பேரனையும் கூட ஒரு ஆளையும் ரூமுக்குள்ளயே உக்கார வச்சுருவாங்க, ஜன்னல் இல்லாத ரூமா இருந்தா நெனச்சு பாருங்க.

2020 பிப்ரவரில ஜப்பான் யோகோகாமால டைமண்ட் பிரின்சஸ் கப்பல் மாட்டுச்சே, ஞாபகம் இருக்கும். 3,711 பேர் இருந்த கப்பல்ல 712 பேருக்கு கோவிட். மொதல்ல கண்டுபிடிச்ச பயணிக்கு ஏறுறதுக்கு முந்தின நாளே இருமல் இருந்திருக்கு. அவர் ஒருத்தராலதான் எல்லாம்னு நான் சொல்ல வரல, இருமலுக்கெல்லாம் யாரும் பயப்படாத நேரம் அது. ஆனா இப்ப நமக்கு தெரியும்ல. காசு பயத்துக்கு வழி இன்சூரன்ஸ், ஒடம்பு முடியாம கப்பலை விட்டா பணம் திரும்ப வருமான்னு கேட்டு அந்த வரியை படிச்சுட்டு போடுங்க. கெளம்புற வாரத்துல கோயில் பிரசாதமோ விருந்தோ எதுவா இருந்தாலும் புள்ளைங்களுக்கு பாத்து குடுங்க, வெளித்தண்ணி வேணாம்.

மயிலாடுதுறை வாசகி: என் மகளுக்கு இப்ப அஞ்சாவது மாசம். அடுத்த மாசக் கடைசில அவளும் மாப்பிள்ளையும் கப்பல் டூர் போகலாம்னு இருக்காங்க. டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா ஏத்துவாங்களா?

கஷ்டம்மா. பெரும்பாலான கம்பெனில பயணம் முடியுற நாளுக்குள்ள 24வது வாரம் ஆரம்பிச்சிருச்சுன்னா ஏத்துறதே இல்ல, எந்த டாக்டர் சர்டிபிகேட் குடுத்தாலும் சரி. ஏறுற நாளை பாக்க மாட்டாங்க, எறங்குற நாளைத்தான் பாப்பாங்க, அதனால ஸ்கேன் ரிப்போர்ட்ல இருக்குற வாரத்தை வச்சு எண்ணி பாக்க சொல்லுங்க. கொழந்தை பொறந்தப்புறமும் பொதுவா ஆறு மாசம் ஆகணும். இப்ப வளைகாப்பை நல்லபடியா முடிங்க, கப்பல் எங்கயும் போயிராது.

தஞ்சாவூர் வாசகர்: கென்யா தொட்டு போற கப்பல்ல போறோம். மஞ்சக்காய்ச்சல் (யெல்லோ ஃபீவர், மஞ்சக்காமாலை இல்ல) ஊசி கட்டாயமா? இங்கயே மெடிக்கல் காலேஜ்ல போட்டுக்கலாமா?

இத மட்டும் அசட்டையா விட்றாதீங்க, கோவிட் மாதிரி வந்து போன விதி இல்ல இது. கென்யா மாதிரி மஞ்சக்காய்ச்சல் இருக்குற நாட்டுலேருந்து ஊசி சர்டிபிகேட் இல்லாம இந்தியா திரும்புனா நம்ம அதிகாரிங்களே ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சுருவாங்க. சர்டிபிகேட் ஊசி போட்டு பத்தாவது நாள்லேருந்துதான் செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். கண்ட எடத்துல போட்டுக்கிட்டா செல்லாது, அரசு அங்கீகாரம் குடுத்த மையத்துலதான் போடணும், சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. முன்பதிவு பண்ணிட்டு, பாஸ்போர்ட்டோட உழவன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனீங்கன்னா காலைல எழும்பூர். உங்க கூட வர்றவங்கள்ல 60 வயசு தாண்டினவங்க, முட்டை அலர்ஜி உள்ளவங்க, எதிர்ப்பு சக்தி கொறையுற மாத்திரை சாப்பிடுறவங்க இருந்தா உள்ளூர் டாக்டர்கிட்ட மொதல்ல கேட்டுட்டு போங்க, இது உயிருள்ள வைரஸ் ஊசி.

நாகப்பட்டினம் வாசகர்: நாகையிலேருந்து காங்கேசன்துறை போற கப்பலுக்கும் டெஸ்ட் எதாவது எடுக்கணுமா அண்ணே?

இல்ல தம்பி. 2023 அக்டோபர் 14ம் தேதி ஆரம்பிச்ச சர்வீஸ் அது, கோவிட் கெடுபிடியெல்லாம் அடங்குனப்புறம் வந்தது. பாஸ்போர்ட், இலங்கைக்கு முன்கூட்டியே ஆன்லைன்ல வாங்குற ஈடிஏங்கிற பயண அனுமதி, டிக்கெட், இது மூணும் சரியா இருந்தா போதும். டெஸ்ட்டை விட நீங்க பாக்க வேண்டியது வாந்தி. சுமார் நாலு மணி நேரப் பயணம், கப்பல் சின்னது, அலை இருந்தா ஆட்டம் தெரியும். பஸ்ல போனாலே தலை சுத்துற ஆளா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டு அவோமின் மாதிரி மாத்திரையை ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுக்கங்க, வாந்தி ஆரம்பிச்சப்புறம் போட்டா அதுவும் சேர்ந்து வெளிய வந்துரும், தூக்கம் வரும், அதனால எறங்குனதும் வண்டி ஓட்டாதீங்க. ஐப்பசி கார்த்திகை மழையில சர்வீஸை நிறுத்தி வைக்கிறாங்க, அதனால அந்த மாசத்துல கல்யாணம் காட்சின்னு நம்பி டிக்கெட் போடாம மாசிக்கு மேல பாத்து போடுங்க.